தேர்ச்சி அறிக்கையை எங்கிருந்து வாசிப்பது?

கேள்வி: என் மகள் கொழும்பு வலயத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ்மொழி மூலம் தரம் 7 படிக்கிறாள். போன வருடம் மூன்றாம் தவணையில் சராசரி 81, வகுப்பில் 4ஆம் பிள்ளை. இந்த முதலாம் தவணையில் சராசரி 72, 42 பேரில் 17ஆம் பிள்ளை. "ஒன்பது புள்ளி எங்கே போச்சு? ஒரு பாடத்திலும் கவனமில்லை" என்று கணவருக்குச் சரியான கோபம். ரிப்போர்ட்டில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார். பரதநாட்டிய வகுப்பை நிறுத்திவிட்டு வெள்ளவத்தையில் ரியூஷனில் சேர்க்கச் சொல்கிறார். என் தங்கையோ, "ஏழாம் வகுப்பு ரிப்போர்ட்டை ஆர் பாக்கப் போகினம், விடுங்கோ அக்கா" என்கிறாள். யார் சொல்வது சரி? இரண்டு ரிப்போர்ட்டையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கையெழுத்தை வைத்துக் கொடுத்துவிடுங்கள். அறிக்கையைப் பார்த்தோம் என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. புள்ளி திருப்தி என்று அதற்கு அர்த்தமில்லை. அதைத் தண்டனையாக்கிய வீடுகளில் அடுத்த தவணை அறிக்கை புத்தகப்பையின் அடியிலேயே தங்கிவிடும், அல்லது அப்பாவின் கையெழுத்தைப் பிள்ளையே பழகிக்கொள்ளும். இரண்டும் நடக்கிற காரியங்கள்தான்.

"ஒன்பது புள்ளி எங்கே போச்சு?" என்பது நல்ல கேள்வி. அதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 12 பாடங்கள். சராசரி 81 என்றால் மொத்தம் 972. சராசரி 72 என்றால் 864. ஆகக் குறைந்தது 108 புள்ளி. நீங்கள் அனுப்பிய இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கணிதம் 82இலிருந்து 57க்கும், விஞ்ஞானம் 85இலிருந்து 60க்கும் இறங்கியிருக்கின்றன. வரலாற்றில் 12, புவியியலில் 12, செயன்முறைத் தொழினுட்பத் திறன்களில் 13. இந்த ஐந்து பாடங்களில் மட்டும் 87 போய்விட்டது. சமயம், தமிழ், ஆங்கிலம், சிங்களம், குடியியல், சுகாதாரம், சங்கீதம் என்ற மற்ற ஏழிலும் சேர்த்து 21தான். அதாவது பாடத்துக்குச் சராசரியாக 3 புள்ளி. தவணைக்குத் தவணை அவ்வளவு ஏறுவதும் இறங்குவதும் இயல்பு, அதில் அர்த்தம் தேடத் தேவையில்லை.

எனவே "ஒரு பாடத்திலும் கவனமில்லை" என்பது சரியில்லை. சராசரியில் உள்ள வில்லங்கமே இதுதான். இரண்டு பாடத்தில் விழுந்த பள்ளத்தைப் பன்னிரண்டு பாடத்துக்கும் பரப்பிக் காட்டிவிடும். கணிதமும் விஞ்ஞானமும் முந்திய இடத்திலேயே நின்றிருந்தால் இதே பிள்ளையின் சராசரி 76 ஆகியிருக்கும், வீட்டில் சத்தமும் வந்திருக்காது.

இனி, உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லாத ஒரு விஷயம். இரண்டாவது படத்தில், புள்ளிகளுக்கெல்லாம் கீழே, வகுப்பாசிரியர் குறிப்புக்கு மேலே, சின்னதாக ஒரு வரி: பாடசாலை நடைபெற்ற நாட்கள் 58, வரவு 45. பதின்மூன்று நாள் பாடசாலைக்குப் போகவில்லை. முந்திய தவணையில் போகாதது 2 நாள் மட்டுமே.

அந்த 13 நாளும் ஒரேயடியாகப் போனதா, அங்கொன்றும் இங்கொன்றுமாகவா? காய்ச்சலா, வீட்டு விசேஷமா? அது உங்களுக்குத்தான் தெரியும். கொழும்பில் டெங்கு வந்து போன பிள்ளை என்றால் இரண்டு கிழமை போவது பெரிய விஷயமில்லை, திரும்பி வந்த பிறகும் சில நாளைக்குச் சோர்வு இருக்கும். ஆனால் எந்தப் பாடங்கள் விழுந்தன, எவை நின்றன என்று பாருங்கள். சமயம், மொழி, சுகாதாரம் ஆகியவற்றில் ஒரு பாடத்தைத் தவறவிட்டாலும் அடுத்த பாடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கணிதம் அப்படியில்லை. ஏழாம் தரத்தில் சுட்டிகளும் (2³ போன்றவை) திசைகொண்ட எண்களும் (+3, −5 போன்றவை) வருகின்றன. அவை ஆரம்பிக்கிற கிழமையில் வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதுவது புரியாது. விஞ்ஞானத்தில் செய்துகாட்டுகிற பரிசோதனைகள் போய்விடும். வரலாறு, புவியியலில் கொப்பியில் குறிப்பு இருக்காது. விழுந்த ஐந்து பாடமும் இந்த விளக்கத்துக்கு ஒத்துப்போகின்றன. கவனக்குறைவு என்றால் இவ்வளவு ஒழுங்காகப் பாடம் பார்த்து விழாது.

வேறு காரணமும் இருக்கலாம். கண்ணைப் பரிசோதியுங்கள். பன்னிரண்டு வயதை ஒட்டிக் கிட்டப்பார்வை தொடங்குவது சாதாரணம். பின்வாங்கில் இருக்கிற பிள்ளை 8ஐ 3 என்று பார்த்து எழுதும், வரைபடத்தை அரைகுறையாகக் கீறும். அதுவும் கணிதம், விஞ்ஞானம், புவியியலில்தான் முதலில் தெரியும். கணிதக் கொப்பியை எடுத்து, பலகையில் இருந்து பார்த்து எழுதிய கணக்கையும் பாடநூலிலிருந்து எழுதிய கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பலகைக் கணக்கில் மட்டும் இலக்கங்கள் மாறியிருந்தால் ரியூஷனுக்கு முன் கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும்.

17ஆம் பிள்ளை என்ற விஷயத்துக்கு வருகிறேன். எல்லா வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வி "எத்தனையாம் பிள்ளை?" என்பதுதான். அறிக்கையில் இருக்கிற எண்களில் ஆகப் பயன் குறைந்தது அதுவே என்பது என் அபிப்பிராயம். 42 பேர் உள்ள வகுப்பில் நடுவில் பிள்ளைகள் நெருங்கி நிற்பார்கள். சராசரி 72க்கும் 76க்கும் இடையில் எட்டுப் பத்துப் பேர் நின்றால், அந்த நாலு புள்ளியில் எட்டுப் பத்து இடம் கீழே போகலாம். மேலே முதல் மூன்று பேருக்கிடையில் அதே நாலு புள்ளி ஒரு இடத்தைக்கூட மாற்றாமல் இருக்கலாம். அதோடு, சங்கீதம் எடுத்த பிள்ளையையும் சித்திரம் எடுத்த பிள்ளையையும் வேறு வேறு ஆசிரியர்கள், வேறு வேறு விதமாகப் புள்ளியிடுகிறார்கள். சமய பாடமும் அப்படியே. இதையெல்லாம் ஒரே கூட்டுத்தொகையில் போட்டு வரிசைப்படுத்தியதுதான் அந்த இடம். பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று அது ஒன்றும் சொல்லாது.

அதைவிடப் பயனுள்ள ஒரு எண் அறிக்கையில் பெரும்பாலும் இருக்காது. கணிதத்தில் வகுப்புச் சராசரி எவ்வளவு என்பதே அது. வகுப்பாசிரியரிடம் புள்ளிப் பட்டியல் இருக்கும், கேட்டால் சொல்வார். போன தவணை வகுப்புச் சராசரி 74ஆக இருந்தபோது உங்கள் மகள் 82 என்றால், வகுப்பைவிட 8 மேலே. இம்முறை வினாத்தாள் கடினமாகி வகுப்புச் சராசரி 49க்கு வந்திருந்தால், 57 எடுத்தவளும் அதே 8 மேலேதான் நிற்கிறாள், விழவேயில்லை. வகுப்புச் சராசரி 72 என்றால் கதை வேறு, அவள் 15 கீழே போயிருக்கிறாள். வெறும் 57ஐ வைத்துக்கொண்டு இந்த இரண்டில் எது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. உயர் தரப் பரீட்சையில் (ஏ/எல்) 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளியைப் பயன்படுத்துவதன் அடிப்படையும் இதுதான். வினாத்தாள் கடினமா இலகுவா என்பதைக் கழித்துவிட்டு, அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு தூரம் என்று அது பார்க்கிறது. வினாத்தாளை யார் தயாரித்தார்கள் என்றும் கேளுங்கள். ஒரு தவணை பாடசாலை ஆசிரியர் தயாரித்து, அடுத்த தவணை வலயத்திலிருந்து பொது வினாத்தாள் வந்திருந்தால் இரண்டு புள்ளியையும் நேராக ஒப்பிடவே கூடாது.

புள்ளியிடுவதிலேயும் தளம்பல் உண்டு. 1912இல் அமெரிக்காவில் டானியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். ஆகக் கூடிய புள்ளிக்கும் ஆகக் குறைந்த புள்ளிக்கும் இடையில் 30க்கு மேல் இடைவெளி. கட்டுரைப் பாடம் என்பதால் அப்படி என்று சிலர் சொல்ல, அடுத்த வருடம் கேத்திரகணித விடைத்தாளை வைத்துச் செய்தார்கள். அதில் இடைவெளி இன்னும் கூடியது. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. 74 எடுத்தால் பி, 75 எடுத்தால் ஏ என்று வீட்டில் ஒரு புள்ளிக்குச் சண்டை பிடிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

தங்கை சொல்வது பாதி சரி. தரம் 7 அறிக்கையைப் பல்கலைக்கழகமோ தொழில் தருபவரோ கேட்கப்போவதில்லை, பாடசாலை மாறும்போது பார்ப்பார்கள், அவ்வளவே. ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் (ஓ/எல்) கணிதம் சித்தியடையாமல் உயர் தரத்துக்குப் போவதில் எவ்வளவு சிக்கல் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே 35க்குக் கீழே டபிள்யூ (சித்தியின்மை) எடுக்கிற பிள்ளைகள் பலருக்குப் பிரச்சினை பதினோராம் தரத்தில் தொடங்குவதில்லை. கழித்தல் குறி வருகிற இடத்தில் தடுமாறி, அதைச் சொல்லாமலே எட்டாம் தரச் சமன்பாட்டுக்குப் போய், அங்கிருந்து "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இப்போது கையில் இருக்கிற 57 அதைத் தடுக்கப் போதிய அளவு முந்தி வந்த தகவல். அந்த அளவுக்கு இந்த ரிப்போர்ட் பெறுமதியானதுதான்.

இனிச் செய்ய வேண்டியது. கணித, விஞ்ஞான விடைத்தாள்கள் இரண்டையும் எடுங்கள். பொதுவாகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பாட ஆசிரியரிடம் பார்க்கக் கேளுங்கள். வினாத்தாளும் வேண்டும். முதல் பக்கத்தில் உள்ள மொத்தப் புள்ளியை ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி மறைத்துவிடுங்கள். இது விளையாட்டுக்குச் சொல்வதல்ல. 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலில் பாடசாலைப் பிள்ளைகளை மூன்று குழுவாக்கிப் பார்த்தார். குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். புள்ளியும் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தவர்கள், வெறும் புள்ளி மட்டும் வாங்கியவர்களைப் போலவே நின்றார்கள். புள்ளி கண்ணில் பட்டால் பக்கத்தில் எழுதியிருப்பது கண்ணில் படாது, பெரியவர்களுக்கும்தான்.

பிறகு ஒரு கொப்பித்தாளில் மூன்று நிரல் கீறுங்கள்: வினா இலக்கம், இழந்த புள்ளி, காரணம். கணிதத்தில் இழந்தது 43. அந்த 43உம் எங்கே போனது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். காரணம் நாலு வகைக்குள் அடங்கிவிடும். "தெரியாது" என்பது ஒன்று. உதாரணமாக 2³ என்பதை 2×3 என்று நினைத்து 6 எழுதியிருப்பாள், விடை 8. (−5) + (+3) என்பதற்கு −8 எழுதியிருப்பாள், விடை −2. இன்னொன்று "தெரியும், தவறிவிட்டது". பெருக்கலில் ஒரு இலக்கம் மாறியது, 3 மணி 45 நிமிடத்தோடு 2 மணி 30 நிமிடத்தைக் கூட்டி 5 மணி 75 நிமிடம் என்று விட்டது (6 மணி 15 நிமிடம் வர வேண்டும்). மூன்றாவது, வினாவைப் பிழையாக வாசித்தது. "பொருந்தாததைத் தெரிவுசெய்க" என்றால் பொருந்துவதைத் தெரிவது. நாலாவது, எழுதவே நேரம் இல்லாமல் விட்டது. கடைசி இரண்டு வினாவும் வெறுமையாக இருந்தால் அதுதான்.

நிரலைக் கீறுவது நீங்கள், காரணத்தைச் சொல்வது மகள். "இதை எப்படிச் செய்தாய், சொல்லு பாப்பம்" என்று மட்டும் கேளுங்கள். பிழையான விடைக்குப் பின்னாலும் பிள்ளையிடம் ஒரு யோசனை இருக்கும். 2³ = 6 என்று எழுதியவள் "சின்ன 3ஆல் பெருக்கினேன்" என்பாள். அப்போதே மருந்து தெரிந்துவிடும். கணவரையும் உட்காரவையுங்கள். புள்ளிக்கணக்கில் அக்கறை உள்ளவர், விடைத்தாளில் கூட்டல் சரியா என்று அவர் பார்க்கட்டும். கூட்டலில் பிழை வருவதும் அபூர்வமல்ல. இருந்தால், விடைத்தாளோடு போய்ப் பாட ஆசிரியரிடம் தனியாகக் காட்டுங்கள்.

பட்டியல் முடிந்ததும் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "தெரியாது" என்ற வகை ஓரிரு அலகுகளில் குவிந்திருக்கும். அவை மகள் பாடசாலை போகாத நாட்களில் நடந்தவையா என்று சிநேகிதியின் கொப்பியில் திகதி பார்த்துச் சரிபாருங்கள். ஆம் என்றால் வேலை இலேசு, ஆறு கிழமை போதும். கிழமைக்கு நாலு நாள், நாளுக்கு 40 நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்கு முன். விட்டுப்போன அலகைப் பாடநூலில் உதாரணக் கணக்கிலிருந்து தொடங்கி, பயிற்சி ஒவ்வொன்றாகச் செய்து, அலகின் இறுதியில் உள்ள பலவினப் பயிற்சியோடு முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் அதற்கு முந்திய கிழமைகளின் கணக்கில் ஐந்தைக் கலந்து கொடுங்கள். அந்த ஐந்தில் நாலு சரி என்றால் அடுத்த அலகுக்குப் போகலாம். பாடநூல் தொலைந்திருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கிறது.

இந்த இடத்தில் பல தாய்மார் செய்கிற ஒரு வேலையைச் செய்யாதீர்கள். போகாத 13 நாள் குறிப்பையும் எல்லாப் பாடத்திலும் பார்த்து எழுத வைப்பது. கை வலிப்பதைத் தவிர வேறு பயனில்லை. வரலாறு, புவியியல் குறிப்புகளைப் போட்டோப்பிரதி எடுத்து ஒட்டுங்கள், வாசித்து ஐந்து கேள்வி கேளுங்கள், போதும். விஞ்ஞானத்தில் தவறிய பரிசோதனைகளில் சிலவற்றை வீட்டில் செய்யலாம். செவ்வரத்தம்பூவைச் சுடுநீரில் ஊறவைத்த சாற்றில் தேசிக்காய்ச் சாறு விட்டால் சிவக்கும், சவர்க்கார நீர் விட்டால் பச்சைப் பக்கம் மாறும். அமிலம், காரம் என்று பத்து முறை எழுதுவதைவிட அது மனதில் நிற்கும்.

ரியூஷனைப் பொறுத்தவரை, வெள்ளவத்தையில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பு உங்கள் மகளுக்கு இப்போது உதவாது. அங்கே அடுத்த தவணைப் பாடத்தை முந்தி நடத்துவார்கள், பின்னால் விட்டதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற நேரமும் அந்த 40 நிமிடத்தைத் தின்றுவிடும். வீட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது என்றால், நாலைந்து பிள்ளைகளுக்கு மேல் இல்லாத ஒருவரைப் பிடித்து, காரணப் பட்டியலைக் கையில் கொடுத்து, "இந்த இரண்டு அலகும் மட்டும், ஆறு கிழமைக்கு" என்று பேசுங்கள். பரதநாட்டியத்தை நிறுத்துவதற்கு இந்த அறிக்கையில் ஒரு காரணமும் நான் காணவில்லை. வீட்டில் இப்போது அவளுக்குச் சரியாகப் போய்க்கொண்டிருக்கிற ஒன்றைப் பறிப்பதாகவே அது முடியும்.

பெற்றோர் சந்திப்பில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அறிக்கையில் "இன்னும் முயற்சி தேவை" என்று எழுதியிருக்கிறது. 42 அறிக்கையை ஒரே இருப்பில் எழுதுகிற ஆசிரியர் வேறென்ன எழுதுவார்? "பிள்ளை எப்படி ரீச்சர்?" என்று கேட்டால் அதே பதில்தான் வாயாலும் வரும். பட்டியலைக் கொண்டுபோய், "சுட்டியிலும் திசைகொண்ட எண்ணிலும்தான் கூடப் புள்ளி போயிருக்கு, அந்த நேரம் இவ வரேல்ல. வகுப்புச் சராசரி எவ்வளவு? கிழமைக்கு ஒருக்கா இவட கொப்பியைப் பார்ப்பீங்களா? முன்வாங்கில் இருத்தலாமா?" என்று கேளுங்கள். முதல் கேள்வியை வகுப்பாசிரியரிடமும் மற்றதைக் கணித ஆசிரியரிடமும் கேட்பது நல்லது.

அந்த 13 நாளும் ஒரேயடியாகப் போனவை அல்ல, திங்கட்கிழமைகளிலும் பரீட்சை நாட்களிலும் வயிற்றுவலி, தலைவலி என்று விட்டவை என்றால், மேலே சொன்ன ஆறு கிழமைத் திட்டத்தைத் தொடங்க வேண்டாம். பிள்ளை எதையோ தவிர்க்கிறாள். வகுப்பில் கேலியா, ஒரு பாடத்தின் மீது பயமா, பாடசாலை வாகனத்தில் ஏதும் பிரச்சினையா என்று கோபமில்லாமல் விசாரியுங்கள், வகுப்பாசிரியரையும் தனியாகச் சந்தியுங்கள். அறைக்குள்ளேயே இருப்பது இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடும் தூக்கமும் குறைந்தாலோ, பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காட்டலாம். அங்கே போகும்போது இரண்டு அறிக்கையையும், வரவு விவரத்தையும், அந்த மூன்று நிரல் பட்டியலையும் கொண்டுபோங்கள்.